தனியாகத் திறக்க முடிகிறதா? மழலையர் பள்ளிக்குப் பொருள் வாங்கும்போது பார்க்க வேண்டியவை

மூன்று, நான்கு வயதுக் குழந்தைக்குப் பள்ளிச் சாமான் வாங்கப் போனால் முதலில் கண்ணில் படுவது படமும் நிறமும்தான். குழந்தை கை நீட்டுவதும் அதற்குத்தான். அதில் தவறே இல்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத வயதில் தன் பை எது, தன் பாட்டில் எது என்று குழந்தை கண்டுகொள்வது படத்தை வைத்துத்தான். ஆனால் வாங்கலாமா வேண்டாமா என்பதை முடிவு செய்ய வேண்டிய கேள்வி வேறு. இதை யார் உதவியும் இல்லாமல் குழந்தையே திறந்து, எடுத்து, திரும்ப மூடி, உள்ளே வைக்குமா?

வீட்டில் ஒரு குழந்தைக்கு இரண்டு மூன்று பெரியவர்கள். வகுப்பில் ஒரு டீச்சருக்கு இருபது குழந்தைகள். எல்லோரும் ஒரே நேரத்தில் டப்பாவை நீட்டினால் கடைசிக் குழந்தையிடம் அவர் வந்து சேர்வதற்குள் சாப்பாட்டு நேரம் பாதி போயிருக்கும். திறக்க முடியாத குழந்தை எப்போதும் அழுது கேட்கும் என்று நினைக்க வேண்டாம். பல குழந்தைகள் ஒன்றும் சொல்லாமல் டப்பாவை அப்படியே பைக்குள் வைத்துவிடுவார்கள். சாயங்காலம் டப்பா நிரம்பியபடி திரும்பி வந்தால், பிள்ளைக்குப் பசியில்லை, சமையல் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டுவதற்கு முன் மூடியை ஒரு முறை பாருங்கள்.

கடைக்குப் போகும் முன் பள்ளியில் சில விஷயங்களைக் கேட்டு வாங்கிவிட்டால் பாதி வீண்செலவு குறையும். சாப்பாட்டு நேரம் எவ்வளவு, தண்ணீர் திரும்ப நிரப்பித் தருவார்களா, பை மாட்டக் கொக்கி உண்டா அல்லது அலமாரியா, க்ரேயான், பசை, கத்தரிக்கோல் எல்லாம் வகுப்பிலேயே பொதுவாக இருக்கிறதா, தூங்க விரிப்பு கொண்டுவர வேண்டுமா, ஷூவை வகுப்புக்கு வெளியே கழற்ற வேண்டுமா. கடைசிக் கேள்வி சாதாரணமாகத் தெரியும். ஆனால் ஒரு நாளைக்கு நான்கு முறை ஷூவைக் கழற்றி மாட்ட வேண்டும் என்றால் எந்த ஷூ வாங்குவது என்பதே மாறிவிடும்.

டிபன் பாக்ஸ்

நான்கு பக்கமும் கிளிப் பூட்டு உள்ள டப்பாக்கள் கசியாது. அதனால் பெற்றோருக்குப் பிடிக்கும். ஆனால் அந்தக் கிளிப்பைத் தூக்க விரல் நுனியில் நல்ல பலம் வேண்டும். மூன்று வயதுக் குழந்தை நகத்தை உள்ளே விட்டு நெம்பிப் பார்க்கும், வலித்ததும் விட்டுவிடும். ஒரே ஒரு பெரிய தாழ் உள்ள டப்பா, அல்லது எதிரெதிரே இரண்டு அகலமான கிளிப் உள்ள டப்பா இந்த வயதுக்குச் சரி. திருகு மூடி டப்பாக்களை ஐந்து வயது வரை தள்ளி வைக்கலாம். திறப்பதைவிட மூடுவதில்தான் சிக்கல். மரை கோணலாக ஏறி நின்றுவிடும், மூடியதாக நினைத்துக் குழந்தை பைக்குள் கவிழ்த்து வைக்கும். கடையிலேயே டப்பாவைக் குழந்தை கையில் கொடுத்து, தொடர்ந்து மூன்று முறை திறந்து மூடச் சொல்லுங்கள். ஒரு முறை முடிந்தால் போதாது. மூன்றாவது முறை விரல் சோர்ந்த பிறகும் முடிய வேண்டும்.

கடையில் சுலபமாகத் திறந்த டப்பா பள்ளியில் திறக்காமல் போவதற்கு இன்னொரு காரணம் உண்டு. சூடான உணவைப் போட்ட கையோடு மூடியை அழுத்தினால் உள்ளே நீராவி நிறைந்திருக்கும். ஆற ஆற அந்த நீராவி தண்ணீராகச் சுருங்கும், உள்ளே அழுத்தம் குறையும், வெளிக்காற்று மூடியை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். கசியாத, இறுக்கமான டப்பாவாக இருந்தால் இது இன்னும் மோசம். டீச்சரே இழுத்தாலும் சில சமயம் அசையாது. உணவைப் பரப்பி வைத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு மூடினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இருக்காது. மூடியின் நடுவில் சின்ன சிலிக்கான் குமிழ் உள்ள டப்பா கிடைத்தால் இன்னும் நல்லது. குமிழைத் தூக்கியதும் 'புஸ்' என்று காற்று உள்ளே போகும், மூடி தானாக இளகும். அதைக் குழந்தைக்கு வீட்டில் செய்து காட்டுங்கள். அந்தச் சத்தத்துக்காகவே ஆசையாகச் செய்வார்கள்.

சூடு காக்கும் பிளாஸ்க் டப்பா கொடுப்பதாக இருந்தால் அழுத்தம் வெளியேற்றும் பொத்தான் கட்டாயம் வேண்டும். உணவு போடுவதற்கு முன் கொதிக்கும் நீரை ஊற்றி ஐந்து நிமிடம் மூடி வைத்து, கொட்டிவிட்டுப் போட்டால்தான் சூடு நிற்கும். ஆனால் அந்தச் சூடு சாப்பாட்டு வேளையில் நாக்கைச் சுடாத அளவுக்கு இருக்கிறதா என்று விடுமுறை நாளில் அதே இடைவெளி விட்டு நீங்களே ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்கள்.

அளவு: மதியச் சாப்பாட்டுக்கு 300 முதல் 400 மில்லி கொள்ளளவு போதும். இடைவேளைத் தின்பண்டத்துக்கு 150 முதல் 200. ஆழம் நான்கு, ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் போனால் அடியில் இருப்பது குழந்தைக்குத் தெரியாது, மேலே இருப்பதை மட்டும் தின்றுவிட்டு முடித்துவிட்டதாகச் சொல்லும். தடுப்புள்ள டப்பா வாங்கினால் ஒரு அறையில் மட்டும் தண்ணீர் ஊற்றி, மூடி, சாய்த்துப் பாருங்கள். மூடியின் உள்பக்க ரப்பர் தடுப்பின் மேல் விளிம்பைத் தொடாவிட்டால் தண்ணீர் அடுத்த அறைக்குப் போய்விடும். வெளியே கசியாது என்று அட்டையில் போட்டிருப்பதற்கும் உள்ளே கலக்காது என்பதற்கும் சம்பந்தமில்லை.

மூடியின் ரப்பர் வாஷரைக் கழற்ற முடிகிறதா என்றும் பாருங்கள். கழற்ற முடியாத வாஷருக்கு அடியில் ஈரம் தங்கிக் கறுப்புப் பூசணம் பிடிக்கும். வாரம் இரண்டு முறையாவது ஸ்பூன் காம்பால் நெம்பி எடுத்து, கழுவி, நன்றாக உலர்த்தி மாட்ட வேண்டும். கத்தி முனையால் எடுத்தால் ரப்பர் கீறி, அங்கிருந்து கசிய ஆரம்பிக்கும். திரும்ப மாட்டும்போது முறுக்கிக்கொண்டால் மூடி சரியாக உட்காராது. வீட்டில் பெரியவர் பலத்துக்கு அது மூடிவிடும், குழந்தையால் முடியாது.

தண்ணீர் பாட்டில்

350 மில்லி பாட்டில் போதும். பள்ளியில் நிரப்பித் தரமாட்டார்கள் என்றால் மட்டும் 500. தண்ணீரின் எடையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 350 மில்லி என்றால் 350 கிராம். இரட்டைச் சுவர் ஸ்டீல் பாட்டில் காலியாகவே 250 கிராம் அளவுக்கு வரும். ஆக மொத்தம் 600 கிராம், தோளின் ஒரே பக்கத்தில்.

மூடி விஷயத்தில், பொத்தானை அழுத்தினால் திறக்கும் ஸ்ட்ரா மூடி இந்த வயதுக்கு எளிது. ஆனால் பல பாட்டில்களில் பொத்தானுக்கு மேல் ஒரு பூட்டு வளையமும் இருக்கும். வளையத்தைத் தள்ளிவிட்டுப் பிறகு பொத்தானை அழுத்துவது குழந்தைக்கு இரண்டு வேலை. முதல் வேலை மறந்தால் இரண்டாவது நடக்காது, பாட்டில் கெட்டுப்போய்விட்டது என்று முடிவு செய்துவிடும். வளையம் இல்லாதது கிடைத்தால் அதையே எடுங்கள். கடித்து உறிஞ்சும் மென்மையான வாய் உள்ளவை இரண்டு மாதத்தில் பல்பட்டுக் கிழியும். தனியாக மாற்று வாய், மாற்று ஸ்ட்ரா, மாற்று வாஷர் கிடைக்கும் பாட்டிலாகப் பார்த்து வாங்குவது நல்லது. பாட்டில் நல்லபடி இருக்க, ஒரு ரப்பருக்காகத் தூக்கிப் போடுவது மனசுக்கு ஒப்பாது. கழுத்து அகலமாக, பிரஷ் உள்ளே போகிற மாதிரியும் இருக்க வேண்டும். ஸ்ட்ராவுக்கென்று மெல்லிய தனி பிரஷ் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஸ்ட்ரா பாட்டிலைத் திறந்ததும் தண்ணீர் முகத்தில் பீய்ச்சி அடிப்பதற்கும் காரணம் உண்டு. சுடுதண்ணீரை ஊற்றி மூடினால் மேலே அடைபட்ட காற்று சூடாகி விரியும், வெளியேற வழியில்லாமல் தண்ணீரை ஸ்ட்ரா வழியே மேலே தள்ளும். ஒரு முறை முகத்தில் அடித்தால் சில குழந்தைகள் அந்தப் பாட்டிலையே தொடமாட்டார்கள். ஆறிய தண்ணீர் ஊற்றுங்கள், மேலே இரண்டு சென்டிமீட்டர் இடம் விடுங்கள், பையில் வைக்கும் முன் ஒரு முறை திறந்து மூடுங்கள்.

கசிகிறதா என்று பார்க்க, முழுவதும் நிரப்பி, மூடி, காய்ந்த துணிமேல் பத்து நிமிடம் கவிழ்த்து வைக்கவும். பிறகு நாலு குலுக்கு. துணி நனைந்தால் முதலில் வாஷர் இருக்கிறதா என்று பாருங்கள். கழுவிய இடத்திலேயே விட்டுவிட்டு வருவதுதான் பெரும்பாலான கசிவுக்குக் காரணம்.

பை

குழந்தையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பை போகாமல் இருப்பது நல்லது என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு. 15 கிலோ குழந்தைக்கு 1.5 கிலோ. மேலே சொன்ன பாட்டில் 600 கிராம், சாப்பாட்டோடு டப்பா 450 கிராம், காலிப் பை 400 கிராம். கூட்டினால் 1,450. புத்தகம் ஒன்றுகூட வைக்கும் முன்பே அளவு முடிந்துவிட்டது! அதனால்தான் காலிப் பை 400 கிராமைத் தாண்டக் கூடாது என்று அழுத்திச் சொல்கிறோம். முப்பரிமாணப் பொம்மை முகம் ஒட்டிய கெட்டிப் பைகள் பார்க்க அழகு, ஆனால் அவற்றின் எடையில் ஒரு பங்கு பொம்மைக்கே போகிறது. சக்கரம் வைத்த பைகள் இன்னும் கனம். படிக்கட்டு வந்தால் பெரியவர்தான் தூக்க வேண்டும்.

ஏ4 தாள் 21 × 29.7 சென்டிமீட்டர். வரைந்த படம், சுற்றறிக்கை, ஃபைல் எல்லாம் இந்த அளவில்தான் வரும். உள்பக்கம் 32 சென்டிமீட்டர் உயரம், 24 சென்டிமீட்டர் அகலமாவது இல்லாத பையில் எல்லாம் மடங்கிக் கசங்கித்தான் வீடு சேரும். அதே சமயம் பை குழந்தையின் தோளைவிட அகலமாகவோ, இடுப்புக்குக் கீழே தொங்குவதாகவோ இருக்கக் கூடாது. சின்ன உடம்புக் குழந்தைக்கு இரண்டும் ஒத்துவராவிட்டால் சின்னப் பையே எடுங்கள், தாளைச் சுருட்டி வைக்கலாம்.

தோள்பட்டி நான்கு சென்டிமீட்டராவது அகலமாக, மெத்தை வைத்ததாக இருக்கட்டும். இந்த வயதுக் குழந்தைகளின் தோள் சரிவாக இருப்பதால் பட்டி நழுவிக்கொண்டே இருக்கும். மார்புக்குக் குறுக்கே ஒரு கிளிப் பட்டி இருந்தால் நழுவாது, ஆனால் அந்தக் கிளிப்பைக் குழந்தையே கழற்ற முடிய வேண்டும். மேலே மாட்டும் காது உறுதியாகத் தைக்கப்பட்டிருக்கிறதா என்று இழுத்துப் பாருங்கள். கொக்கியில் மாட்டித் தொங்குவது முழுக்க அதை நம்பித்தான், முதலில் அறுவதும் அதுதான்.

ஜிப்பைச் சோதிப்பது முக்கியம். பல் பெரிதாக, இரண்டு பக்கமிருந்தும் திறக்கும்படி இருக்க வேண்டும். உள்துணி ஜிப் ஓரத்தில் தொளதொளவென்று இருந்தால் பல்லுக்கிடையே சிக்கும். சிக்கியதைக் குழந்தை பலங்கொண்ட மட்டும் இழுக்கும், ஜிப்பின் ஓடும் தலை பிளந்துவிடும். இழுக்கும் நாக்கு சின்னதாக இருந்தால் ஒரு தடித்த நாடாவைக் கோர்த்து, மூன்று நான்கு சென்டிமீட்டர் நீளத்துக்கு முடிச்சுப் போட்டுவிடுங்கள். காசில்லாத வேலை, அன்றே பலன் தெரியும். அதைவிட நீளமாகவோ, வளையமாகவோ விட வேண்டாம். சாவிக்கொத்துப் பொம்மைகளும் அப்படித்தான். சறுக்குமர இடுக்கில் மாட்டிக்கொள்ளும்.

ஷூ

அடுத்த வருடத்துக்கும் ஆகட்டும் என்று இரண்டு அளவு பெரிதாக வாங்குவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். கால் உள்ளே வழுக்கும், அதைப் பிடித்துக்கொள்ளக் குழந்தை விரல்களை மடக்கியே நடக்கும், ஓடும்போது நுனி தட்டி விழும். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டர் இடம், அதிகபட்சம் ஒன்றேகால். அவ்வளவுதான்.

ஷூ நுனியை நாம் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பது நம்பகமான வழியல்ல. அழுத்தியதும் குழந்தை தன்னையறியாமல் விரலை உள்ளிழுத்துக்கொள்ளும், இடம் நிறைய இருப்பதுபோலத் தெரியும். உள்ளே பாதம் படும் அட்டையை (இன்சோல்) வெளியே எடுத்துத் தரையில் வைத்து, குதிகால் பின்னோரத்தில் படும்படி அதன்மேல் சாக்ஸோடு நிற்க வைத்துப் பாருங்கள். முன்னால் எவ்வளவு மிச்சம், பக்கவாட்டில் கால் வழிகிறதா என்பது கண்ணுக்கே தெரியும். அட்டை கழலாத ஷூ என்றால் காலைத் தாளில் வரைந்து வெட்டி எடுத்துப் போய் உள்ளே விட்டுப் பார்க்கலாம். சாயங்காலம் கால் கொஞ்சம் உப்பியிருக்கும், அப்போது அளப்பதே சரி. இரண்டு காலையும் அளந்து பெரிய காலுக்கு வாங்க வேண்டும்.

ஷூவை மடக்கிப் பார்த்தால் விரல்கள் தொடங்கும் இடத்தில் மடங்க வேண்டும், நடுவில் மடங்கக் கூடாது. குதிகால் பக்கம் விரலால் அழுத்தினால் நசுங்காமல் நிற்க வேண்டும். லேஸ் வேண்டாம், வெல்க்ரோ போதும். வெல்க்ரோ பிடிக்காமல் போனால் ஷூ பழசாகிவிட்டது என்று அர்த்தமில்லை. கொக்கிப் பக்கத்தில் நூலும் முடியும் அடைத்திருக்கும். பழைய பல் பிரஷ்ஷாலோ ஊசி முனையாலோ எடுத்துவிட்டால் மறுபடி பிடிக்கும். இடது வலது தெரிய, ஒரு வட்ட ஸ்டிக்கரைப் பாதியாக வெட்டி இரண்டு ஷூவின் உள்ளோரத்திலும் ஒட்டுங்கள். பக்கத்தில் வைத்தால் படம் சேர வேண்டும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை அளவைப் பாருங்கள். சாக்ஸையும் சேர்த்துத்தான், சின்னதாகிப்போன சாக்ஸும் விரலை மடக்கும். பை, டப்பா, மழைக்கோட்டு எல்லாம் இன்னொரு குழந்தை போட்டதாக இருந்தாலும் தாராளமாக வாங்கலாம். ஷூ மட்டும் வேண்டாம், அது முதல் குழந்தையின் காலுக்குப் படிந்திருக்கும்.

உடையும் மாற்று உடையும்

கழிப்பறை அவசரம் குழந்தைக்குக் கடைசி நிமிடத்தில்தான் தெரியும். அப்போது பெல்ட், கொக்கி, இறுக்கமான பொத்தான், தோளில் மாட்டும் டங்கரி எதுவும் உதவாது. இடுப்பில் எலாஸ்டிக், ஒரே இழுப்பில் இறங்க வேண்டும். சீருடையில் கொக்கி இருந்தால் அதை எடுத்துவிட்டு எலாஸ்டிக் தைத்துக்கொள்ள அனுமதி கேளுங்கள். கழுத்திலும் தொப்பியிலும் கயிறு வைத்த மேல்சட்டை வேண்டவே வேண்டாம். விளையாட்டுச் சாதனங்களில் சிக்கிக் கழுத்தை இறுக்கும் ஆபத்து இருப்பதால்தான் ஐரோப்பாவின் இஎன் 14682 தர விதி சின்னக் குழந்தைகளின் உடையில் அவற்றைத் தடுக்கிறது. கழுத்தில் தொங்கும் அடையாள அட்டைக்கும் இதே பயம்தான். இழுத்தால் தானாகக் கழலும் இணைப்புள்ள நாடாவோ, சட்டையில் குத்தும் கிளிப்போ கேளுங்கள்.

மாற்று உடைப் பையில் ஒரு சட்டை, ஒரு கால்சட்டை, இரண்டு உள்ளாடை, ஒரு ஜோடி சாக்ஸ், ஈரத்துணி போட ஒரு நீர்புகாப் பை. எல்லாவற்றையும் ஒரே செட்டாகச் சுருட்டி வைத்தால் டீச்சருக்குத் தேடும் வேலை இல்லை.

எழுதுபொருள்

வாங்கியே ஆக வேண்டும் என்றால், முக்கோண வடிவத் தடித்த பென்சில், சுமார் 10 மில்லிமீட்டர் தடிமன், 2பி போன்ற மென்மையான முனை. லேசாக அழுத்தினாலே கோடு விழுவதால் குழந்தை பென்சிலை இறுக்கிப் பிடிக்காது. க்ரேயான் உடைந்தால் தூக்கிப் போட வேண்டாம். மூன்று சென்டிமீட்டர் துண்டை உள்ளங்கையில் பிடிக்க முடியாது, விரல் நுனியால்தான் பிடித்தாக வேண்டும். பிடி தானாகப் பழகும்.

கத்தரிக்கோல் மழுங்கிய முனையுடன், 12, 13 சென்டிமீட்டர். ஆனால் மழுங்க வேண்டியது முனை மட்டும்தான், அலகு கூராகவே இருக்க வேண்டும். வெட்டாமல் தாள் அலகுக்கிடையே மடிந்தால் குழந்தை கையைக் கோணலாகத் திருப்பப் பழகிவிடும். இடக்கைப் பழக்கமுள்ள குழந்தைக்கு இடக்கைக் கத்தரிக்கோலே வேண்டும். வலக்கைக் கத்தரியை இடக்கையில் பிடித்தால் கட்டைவிரல் அழுத்தம் அலகுகளை ஒன்றிலிருந்து ஒன்று விலக்கும், மேல் அலகு வெட்டும் கோட்டை மறைக்கும். குழந்தைக்கு வெட்டத் தெரியவில்லை என்று பலர் நினைப்பது இதனால்தான்.

பழ வாசனை அழிப்பான்கள் வாய்க்குள் போகும், தவிருங்கள். வண்ணங்களில் இஎன் 71 (ஐரோப்பிய பொம்மைப் பாதுகாப்புத் தரம்) அல்லது ஏபி (நச்சில்லாதது என்பதற்கான அமெரிக்க முத்திரை) இருக்கிறதா என்று பாருங்கள். மின்னும் பென்சில் பெட்டி, ஒளிரும் சாவிக்கொத்து இவற்றில் பொத்தான் பேட்டரி இருக்கும். மூடி திருகாணி இல்லாமல் விரலாலேயே திறந்தால் அந்தப் பொருளை வீட்டுக்குள்ளேயே விட வேண்டாம். லித்தியம் பொத்தான் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே கடும் புண்ணை உண்டாக்கும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே உடனே மருத்துவமனை.

பெயர் எழுதுவது, ஒத்திகை பார்ப்பது

பிரியும் பாகம் ஒவ்வொன்றிலும் பெயர் வேண்டும். டப்பாவிலும் அதன் மூடியிலும், பாட்டிலிலும் அதன் மூடியிலும், இரண்டு ஷூவிலும். துணியில் சலவைக்கு அழியாத பேனாவால் எழுதி, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டுத் துவைத்தால் நிற்கும். பையில் மட்டும் பெயரை உள்பக்கம் எழுதுங்கள். வெளியே பெரிதாக எழுதினால் முன்பின் தெரியாதவர்கூடக் குழந்தையைப் பெயர் சொல்லி அழைக்க முடியும். குழந்தை அடையாளம் காண, எல்லாப் பொருளிலும் ஒரே படம், அது ஆமையோ நட்சத்திரமோ, ஒட்டினால் போதும்.

பள்ளி தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது வீட்டிலேயே தினமும் ஒரு வேளை அந்த டப்பாவில், தரையில் உட்கார வைத்து, சாப்பிடக் கொடுங்கள். பையிலிருந்து எடுப்பது முதல் திரும்ப வைத்து ஜிப் போடுவது வரை குழந்தையே செய்யட்டும். நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு பாருங்கள். எங்கே தடுமாறுகிறது என்று மூன்றாம் நாளுக்குள் தெரிந்துவிடும். டப்பாவை மாற்ற இன்னும் நேரம் இருக்கும். ஸ்பூன் நீளமாக இருப்பது, டப்பாவைத் துணிப்பைக்குள் திரும்ப நுழைக்க முடியாமல் போவது போன்றவை இப்படிப் பார்த்தால்தான் பிடிபடும். துணிப்பை டப்பாவைவிட இரண்டு விரற்கடை பெரிதாக இருக்கட்டும். கச்சிதமாகப் பொருந்துவது நமக்கு அழகு, குழந்தைக்கு அவஸ்தை.

பள்ளியில் வைத்திருக்கும் மாற்று உடையை மூன்று மாதத்துக்கு ஒரு முறை வீட்டுக்கு வாங்கி அளவு பாருங்கள். குளிர்காலத்துக்கு வைத்த சட்டையும் போன வருட உள்ளாடையும் அப்படியே கிடந்து, தேவைப்படும் நாளில் ஒன்றும் ஏறாமல் போவது அடிக்கடி நடக்கிறது.